பித்தளையும் ஆட்டமும்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, பொற்கொல்லர் சங்க நிர்வாகிகளே, மாலை போட்ட கையோடு 'பத்தே நிமிடம்' என்று காதைக் கடித்த செயலாளர் அவர்களே (சிரிப்பு), அனைவருக்கும் வணக்கம்.

'பித்தலாட்டம்': சொல்லின் பிறப்பு, தொழில்முறை, சட்டம் என மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழ் சொல்கிறது. பித்தளை, ஆட்டம் என்று பிரித்து, பித்தளையைப் பொன்னென்று விற்ற ஏமாற்றிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். செம்பும் துத்தநாகமும் கலந்த அந்த உலோகத்தின் மேல் என்ன குற்றம்? குத்துவிளக்காக நிற்கையில் அது யாரை ஏமாற்றியது? குற்றமெல்லாம் ஆட்டத்தில். மின்னுவதெல்லாம் பொன்னல்ல!

புதையல் காசு வியாபாரம் தெரியுமல்லவா? அஸ்திவாரம் தோண்டினேன், பானை கிடைத்தது, பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவன் வருவான். "என்னை நம்பாதீங்கண்ணே, ஒரு காசைக் கொண்டுபோய் உரசிப் பாருங்க" என்பான். ஆசாரி உரைகல்லில் உரசி நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விடுவார், கோடு அழியாது. பொன்தான். அந்த ஒரு காசு மட்டும் பொன்! மறுநாள் இருட்டுகிற நேரத்தில் பணமும் மூட்டையும் கைமாறும். 'போலீஸ்' என்று ஒரு குரல், ஆளுக்கொரு திசை. வீட்டில் அவிழ்த்து அமிலம் விட்டால் பச்சையாகப் பொங்கும். புகார் கொடுக்க வாய் வருமா? வாங்கப் போனதே புதையலை! ஒரு கன சென்டிமீட்டர் பொன் 19.3 கிராம், பித்தளை சுமார் 8.5. மூட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தாலே போதும்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல; கல்லில் பொன்கோடு விழுவதெல்லாமும் பொன்னல்ல. முலாம் கனமாக இருந்தால் மேலுரசல் ஏமாற்றும். அரத்தால் ஆழக் கீறி உள்ளே உரச வேண்டும். புது நகையை அப்படிக் கீறக் கடைக்காரர் விடுவாரா?

அதனால்தான் மேடைதோறும் ஹால்மார்க், ஹால்மார்க் என்று கத்துகிறேன். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை, 22 காரட், 91.6 சதவீதம் பொன் என்று சொல்லும் 22கே916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட, நகைக்கு நகை மாறும் அடையாள எண்ணான ஹெச்.யு.ஐ.டி. மூன்றையும் லென்சில் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் அந்த ஆறையும் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டுங்கள். கையில் சங்கிலி, திரையில் மோதிரம் என்று வந்தால் எண் வேறு நகையுடையது. வாங்காதீர்கள்; அதே செயலியில் புகார் கொடுங்கள்.

சட்டமா? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவை வைத்து 'நானூத்தி இருபது' என்று திட்டுகிறோமே, 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). மற்றதற்குச் செயலாளர் மணியடித்துவிட்டார். நன்றி, வணக்கம்.