மேட்டில் ஏறிய தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் மேற்குக் கரையோரம் கனாசாவா என்று ஓர் ஊர். "சாப்பாட்டை மறந்தாலும் மறக்கலாம், குடையை மறக்காதே" என்பது அந்தப் பக்கத்துப் பழமொழி. கோடையிலும் மழை, குளிர்காலத்தில் ஈரமான பனி. ஊருக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆறுகள், சாய், அசானோ என்று பெயர். இப்படிப்பட்ட ஊரின் நடுவிலிருந்த கோட்டைக்கு ஒரு காலத்தில் தண்ணீர் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்த கதைதான் இன்று அங்கே ஒரு தோட்டமாக நிற்கிறது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

வேலை பார்த்த காலமெல்லாம் ஏரி, மதகு, வாய்க்கால் என்றே நான் அலைந்தவன். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் தேடுவேன். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் இரண்டரை மணி நேரம். நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு விடியற்காலையில் கென்ரோகுஎன் தோட்டத்துக்குள் நுழைந்தேன். கட்டண நேரம் தொடங்குவதற்கு முன்னாலேயே அங்கே கதவைத் திறந்து இலவசமாக உள்ளே விடுகிறார்கள். அந்த நேரத்தில் போங்கள். கூட்டம் வருவதற்கு முன்னால் அந்தத் தோட்டத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

முதலில் கோட்டையைச் சொல்லிவிடுகிறேன். கனாசாவாவை ஆண்டவர்கள் மயேதா வம்சத்தார். அந்தக் காலத்து ஜப்பானில் ஒரு பிரபுவின் செல்வத்தை அரிசியில்தான் கணக்கிட்டார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு வேண்டிய அரிசி ஒரு கொகு, ஏறக்குறைய 150 கிலோ. மயேதாக்களின் நிலம் பத்து லட்சம் கொகுவுக்கு மேல் விளைந்தது. நாட்டையே ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கு அடுத்தபடி அவ்வளவு வளம் வேறு எந்தப் பிரபுவுக்கும் இல்லை. ஆனாலும் அவர்களுடைய கோட்டை எரிந்துகொண்டே இருந்தது. 1602-ல் இடி விழுந்து நடுக்கோபுரம் போனது. அதை மறுபடி கட்டவே இல்லை. 1631-ல் ஊரில் பிடித்த தீ கோட்டையையும் தின்றது. கோட்டை இருப்பது மேட்டில். ஆறுகள் இரண்டும் பள்ளத்தில். கண்ணெதிரே இரண்டு ஆறு ஓடியும் அணைக்கத் தண்ணீர் இல்லை.

மூன்றாம் பிரபு தோஷித்சுனே அடுத்த வருஷமே, 1632-ல், ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். அந்தப் பொறுப்பு இதாயா ஹேய்ஷிரோ என்பவரிடம் போனது. அவர் சாமுராய் அல்ல, கொமாத்சு ஊரைச் சேர்ந்த சாதாரணக் குடிமகன். சாய் ஆற்றின் மேல்பகுதியில், கோட்டையைவிட உயரமான ஓர் இடத்தில் தண்ணீரைப் பிடித்து, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நடத்திக் கொண்டுவந்தார். வழியில் நல்ல பகுதி மலைக்குள் சுரங்கம். மலைச்சரிவில் பக்கவாட்டாக வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலிருந்தும் இரண்டு பக்கமும் தோண்டிக்கொண்டே போய், ஒன்றையொன்று சந்திக்க வைத்திருக்கிறார்கள். ஒரே வருஷத்தில் வேலை முடிந்ததாகச் சொல்கிறார்கள். வாட்டம், அதாவது வாய்க்காலின் சரிவு, கொஞ்சம் கூடினால் தண்ணீர் கரையை அரிக்கும், கொஞ்சம் குறைந்தால் தேங்கிவிடும். இன்றைய கருவிகள் எதுவும் இல்லாமல் 11 கிலோமீட்டருக்கு வாட்டம் பிடித்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் கைகூப்பத் தோன்றுகிறது. வாய்க்காலின் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அது கதையாகவே இருக்கட்டும்.

வாய்க்கால் வந்து சேர்ந்தது கோட்டைக்கு எதிர்மேட்டில். நடுவில் அகழி. கீழே இறங்கிய தண்ணீர் எதிர்க்கரையில் எப்படி ஏறும்? நம் ஊர்க் கொத்தனார்கள் மட்டம் பார்க்க கண்ணாடிபோல உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் பிடிப்பார்களே, அதே கணக்குதான். ஒரு முனையில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, மறுமுனையிலும் அந்த உயரத்துக்கு ஏறும். நடுவில் குழாய் எவ்வளவு தொங்கினாலும் கவலையில்லை. ஹேய்ஷிரோ மரத்தைக் குடைந்து குழாய் செய்து புதைத்தார். பிற்காலத்தில் அதையே கல்லில் செய்தார்கள். தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, ஏறி, கோட்டைக்குள் போய் விழுந்தது.

சரி, தோட்டம் எங்கே வந்தது? கோட்டைக்கு எதிர்மேட்டில், தண்ணீர் வந்து சேர்ந்த இடத்தில்தான். 1676-ல் ஐந்தாம் பிரபு த்சுனானோரி அந்தச் சரிவில் ஒரு வீடும் அதைச் சுற்றித் தோட்டமும் அமைத்தார். கோட்டையின் வெளித்தோட்டம் அது. அதற்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மேலே விரித்துக்கொண்டு போனார்கள். இன்று 11 ஹெக்டேருக்கு மேல் இருக்கிறது.

கென்ரோகுஎன் என்றால் ஆறு அழகுகளும் கூடிய தோட்டம். 1822-ல் மத்சுதைரா சதானோபு என்ற பெரியவர் வைத்த பெயர். சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில் எழுதிய ஒரு நூலில், தோட்டத்துக்கு ஆறு அழகுகள் சொல்லி, அவை ஒன்றையொன்று விரட்டும் என்றும் சொல்லியிருக்கிறது. விசாலமாக இருந்தால் ஒதுக்கமான அமைதி போய்விடும். மனிதக் கைவேலை மிகுந்தால் பழமை போய்விடும். தண்ணீர் நிறைந்திருந்தால் தொலைதூரக் காட்சி கிடைக்காது. இந்த மூன்றாவது ஜோடியைப் பாருங்கள். அது வெறும் ரசனை விஷயம் இல்லை. தண்ணீர் நிற்பது பள்ளத்தில், தூரம் தெரிவது மேட்டில். இரண்டும் ஒரே இடத்தில் எப்படி அமையும்? தோட்டத்தின் பெரிய குளம் கசுமிகாஇகே. அதன் பக்கத்து மேட்டில் நின்றால் உதத்சு மலையும், தெளிவான நாளில் நோதோ தீபகற்பமும் தெரிகின்றன. கால் பக்கத்தில் குளம், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தீபகற்பம். தீயை அணைக்க வந்த வாய்க்கால்தான் இந்த ஆறாவது அழகைச் சாத்தியமாக்கியது. இதைப் புரிந்துகொண்ட கணத்தில் நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

குளம் தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டவில்லை. பக்கத்திலேயே குவித்து, சங்கின் சுருள்போல வழி சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு குன்றாக்கிவிட்டார்கள். குளக்கரையில் இரட்டைக் கால் கல்விளக்கு ஒன்று, ஒரு கால் தண்ணீருக்குள், ஒரு கால் கல்லின் மேல். கோதோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தில் தந்தியைத் தாங்கும் துண்டின் வடிவம் அது. நம் வீணையில் குதிரை என்போமே, அதுதான். எல்லோரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது வேறிடத்தில். பெரிய குளத்துக்குக் கீழே, சரிவில், ஒரு சின்ன நீரூற்று. மோட்டார் கிடையாது. மேலே உள்ள குளத்தின் மட்டமே அதைத் தள்ளுகிறது. ஏறக்குறைய மூன்றரை மீட்டர் எழும்புகிறது, குளத்தில் தண்ணீர் ஏறி இறங்குவதற்கேற்ப அதுவும் ஏறி இறங்குகிறது. 1861-ல் அமைத்தது, ஜப்பானின் மிகப் பழைய நீரூற்று என்கிறார்கள். கோட்டைக்குள் தண்ணீர் ஏற்றுவதற்குச் சோதனையாகச் செய்து பார்த்தது என்றும் சொல்வதுண்டு. அலங்காரமே இல்லாத ஒற்றைத் தாரை. ஹேய்ஷிரோவின் கணக்கு கண்முன்னே எழுந்து நிற்பதுபோல இருந்தது.

அப்புறம் அந்தப் பைன் மரம். 13-ஆம் பிரபு நரியாசு, பிவா ஏரிக்கரையில் கராசாகி என்ற இடத்திலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்தது. கிளைகள் தண்ணீரின் மேல் வெகுதூரம் படர்ந்து, கழிகளின் மேல் சாய்ந்து கிடக்கின்றன. கனாசாவாவின் பனி ஈரம் மிகுந்தது, கனமானது. ஓர் இரவில் கிளையை முறித்துவிடும். அதனால் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1-ஆம் தேதி, முதன்முதலாக இந்த மரத்துக்குத்தான் கயிறு கட்டத் தொடங்குகிறார்கள். யுகித்சுரி என்று அதற்குப் பெயர். மரத்தைவிட உயரமாக ஐந்து கம்பங்கள் நட்டு, உச்சியிலிருந்து ஏறக்குறைய 800 வைக்கோல் கயிறுகள். ஒவ்வொன்றும் ஒரு கிளையைத் தாங்குகிறது. காய் நிறைந்த ஆப்பிள் கிளைகள் ஒடியாமல் தாங்கிக் கட்டும் முறையிலிருந்து வந்தது இது.

நான் போனபோது வேலை நடந்துகொண்டிருந்தது. கம்பத்தின் உச்சியில் ஓர் ஆள் நின்று கயிற்றைச் சுழற்றி வீசுகிறார். அது காற்றில் விரிந்து கீழே வருகிறது. கீழே இருப்பவர் பிடித்து, கிளையின் எந்த இடத்தில் கட்டினால் பாரம் சமமாகும் என்று கையால் தூக்கிப் பார்த்து முடிகிறார். பேச்சே இல்லை. ஒரு கிளைக்கு மட்டும் மூன்று முறை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார் ஒருவர். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. இவ்வளவையும் வசந்தம் வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். அடுத்த நவம்பரில் புதுக் கயிறு.

கொஞ்சம் தள்ளி, பாசித் தரையில் குனிந்து உட்கார்ந்து, ஒருவர் கையால் களை எடுத்துக்கொண்டிருந்தார். விரல்நகம் அளவு புல். மண்வெட்டி வைத்தால் பாசி போய்விடும், விரல்தான் வேண்டும். 1874-ல் இந்தத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிரபுக்கள் போய்விட்டார்கள், குனிந்து களை எடுக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை.

கோட்டை அவ்வளவு கொடுத்து வைக்கவில்லை. வாய்க்கால் வந்த பிறகும் தீ விடவில்லை. 1759-ல் ஊரே எரிந்தபோது கோட்டையோடு தோட்டமும் எரிந்தது. 1881-ல் இன்னொரு தீ. கோட்டைக்குள் ராணுவம் இருந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கனாசாவா பல்கலைக்கழகம் மதிலுக்குள் நடந்தது. பழைய கட்டடங்களில் 1788-ல் எழுந்த இஷிகாவா வாசல் நிற்கிறது, வெள்ளையாகத் தெரியும் ஈயக் கூரையோடு. 1634-ல் கோட்டைக்குள்ளேயே அமைத்து, பின்னால் மண் மூடிப்போன கியோகுசென்இன்மாரு என்ற உள்தோட்டத்தை அகழ்ந்து பார்த்து, பழைய மிச்சங்களை மண்ணுக்கடியில் பத்திரமாக விட்டு, அதற்கு மேலே அதே அமைப்பில் 2015-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி 1-ஆம் தேதி நோதோ நிலநடுக்கத்தில் கோட்டையின் கற்சுவர்கள் சில இடங்களில் சரிந்தன. தொமுரோ மலையிலிருந்து வந்த சிவப்பும் நீலமுமான கற்கள் அவை. அந்தச் சுவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

தோட்டத்திலிருந்து கோட்டைக்குப் போக இஷிகாவா பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்துக்குக் கீழே முன்பு அகழி, இன்று தார்ச்சாலை. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தேன். பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் தோட்டத்து மேடு, அந்தப் பக்கம் கோட்டை வாசல். குழாய் எந்த இடத்தில் இறங்கி எந்த இடத்தில் ஏறியிருக்கும் என்று கண்ணாலேயே கோடு போட்டுக்கொண்டு நின்றேன். தூறல் ஆரம்பித்தது. பழமொழி சொன்னபடி என் கையில் குடை இருந்தது.

நன்றி, வணக்கம்.