கலைந்ததும் இறந்ததும்

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் மாதத்தில் கரு தங்காமல் போனால் 'கலைந்துவிட்டது' என்கிறோம். மேகம் கலைவது போல, கூட்டம் கலைவது போல. எட்டாம் மாதத்தில் அதே துயரம் நேர்ந்தால் அந்தச் சொல் யார் வாயிலும் வராது. 'குழந்தை இறந்து பிறந்தது' என்போம். எந்த வாரத்தில் சொல்லை மாற்றுவது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் மாற்றுகிறோம். கருக்கலைப்பு பற்றிய சண்டை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

உயிர் எப்போது தொடங்குகிறது என்று கேட்கிறார்கள். அது தொடங்குவதில்லை, தொடர்கிறது. விந்தணுவுக்கும் உயிர் உண்டு, கருமுட்டைக்கும் உண்டு. நாம் கேட்க நினைப்பது வேறு: அங்கே ஓர் 'ஆள்' எப்போது வருகிறார்?

கருத்தரித்த நொடியில் என்று ஒரு பதில். அது நொடி அல்ல, முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதைக்கூட விட்டுவிடலாம். சுமார் 14 நாள் வரை அந்தக் கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். அப்படியென்றால் முதல் நாள் அங்கே இருந்தது யார், அக்காவா தங்கையா? அரிதாக இரண்டு கருக்கள் ஒன்றாகி ஒரே குழந்தையாகப் பிறப்பதும் உண்டு. அங்கே ஒருவர் செத்துப்போனாரா? துக்கம் விசாரிக்க யாரும் போவதில்லை. ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பிரிட்டனில் மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையிலான அரசுக் குழு 1984இல் பரிந்துரைத்ததும் இதையெல்லாம் யோசித்துத்தான்.

ஆறு வாரத்தில் ஸ்கேன் திரையில் ஒரு புள்ளி படபடக்கும். மொத்தக் கருவும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நான்கு அறை கொண்ட இதயம் அல்ல அது, துடிக்கும் ஒரு குழாய். வயிற்றில் தடவிய ஜெல் காய்வதற்குள் ஒருத்தி சந்தோஷத்தில் அழுவாள், அடுத்து வருபவள் பயத்தில் அழுவாள்.

துடிப்புதான் ஆளா? மறுமுனையைப் பாருங்கள். 1968இல் ஹார்வர்டு குழு ஒன்று மூளைச்சாவுக்கு வரையறை சொன்னது. இன்று பல நாடுகளில் இதயம் துடிக்கும்போதே 'ஆள் போய்விட்டார்' என்று ஏற்று, உறுப்பு தானம் செய்கிறோம். போவதற்கு மூளையை வைத்து அளந்துவிட்டு, வருவதற்கு மட்டும் இதயத்தை வைத்து அளந்தால் எப்படி? உணர்வுக்கும் சிந்தனைக்கும் வேண்டிய மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்குக்கு, நரம்புத் தொடர்பு அமைவது சுமார் 24 வாரத்தில். அதற்கு முன்பே ஏதோ உணர்வு இருக்கலாம் என்று வாதாடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

வெளியே எடுத்தால் பிழைக்குமா என்பது இன்னொரு அளவுகோல். இயந்திரம் முன்னேற முன்னேற, பிழைக்கும் வாரம் இன்னும் இளம் வாரமாகிக்கொண்டே போகிறது. நான் ஆளா இல்லையா என்பதை இன்குபேட்டரா முடிவு செய்யும்?

சரி, கரு ஆள்தான் என்றே வைத்துக்கொள்வோம். 1971இல் அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் ஒரு கற்பனை சொன்னார். நீங்கள் கண்விழிக்கும்போது, மயக்கத்தில் இருக்கும் ஒரு வயலின் கலைஞர் உங்கள் சிறுநீரகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறார். ஒன்பது மாதம் அப்படியே கிடந்தால் அவர் பிழைப்பார். எழுந்து போக உங்களுக்கு உரிமை இல்லையா? கலைஞர் அந்நியர், கரு அப்படி இல்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் சொந்தப் பிள்ளைக்குச் சிறுநீரகம் தரும்படி தகப்பனைக்கூட எனக்குத் தெரிந்த எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை.

எதிர்த்தரப்பில் என்னைத் தூங்கவிடாத வாதம் அமெரிக்க மெய்யியலாளர் டான் மார்க்விஸ் 1989இல் எழுதியது. ஆளா இல்லையா என்று பார்க்காதே, எவ்வளவு பெரிய எதிர்காலம் பறிபோகிறது என்று பார் என்கிறார் அவர். சிந்திப்பவரே ஆள் என்று சொல்பவர்களால் பச்சைக் குழந்தையைக் கூடக் காப்பாற்ற முடியாது, இவரால் முடியும். என் பதில் ஒன்றுதான்: எதிர்காலத்தை இழக்க, இழப்பதற்கு ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பத்தாவது வாரத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை, அந்த முடிவு கருவைச் சுமப்பவளுடையது. முப்பதாவது வாரத்தில் இருக்கிறார் என்றே தோன்றுகிறது. அப்போது அவளிடம் இல்லாவிட்டாலும் மருத்துவரிடமாவது காரணம் கேட்பேன்.