அப்பத்தாவோட மாத்திரைப் பையைத் தொறந்து பாத்தேன்

வணக்கம்ங்க. உசிலம்பட்டிப் பக்கம் எங்க ஊர்ல, அப்பத்தா வீட்டுத் திண்ணையில இருந்து பேசுறேன். அப்பத்தாவுக்கு 76 வயசு. ஒம்போது மணிக்குப் படுத்தா, ரெண்டு மணிக்கெல்லாம் எந்திரிச்சு இங்க வந்து உக்காந்துருவாக. அவுக வெத்தலை இடிக்கிற சத்தத்துலதான் எனக்கு முழிப்பே வரும்.

மெக்னீசியம்ங்கிற தாதுச்சத்து மாத்திரை போட்டா வயசானவுகளுக்குத் தூக்கம் வரும்னு போன்ல பாத்தேன். யாரையும் கேக்காம ஒரு டப்பா வாங்கிக் குடுத்துட்டேன். மூணாம் நாளே வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. பாவம், ராத்திரி பூரா கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தாக. டப்பால இருந்தது மெக்னீசியம் ஆக்சைடு. மலச்சிக்கலுக்கே அதைக் குடுக்குறதுண்டாம்; குடலுக்குள்ள தண்ணிய இழுக்கும்.

அப்புறந்தான் தேடிப் படிச்சேன். 2012ல ஈரான்ல 46 பெரியவங்களுக்கு 8 வாரம், தினம் 500 மில்லிகிராம் குடுத்துப் பாத்திருக்காங்க. தூக்கமின்மைத் தொந்தரவு கொறைஞ்சுச்சு, ஆனா மொத்தம் தூங்குன நேரம் பெருசா கூடல. 2021ல மூணு ஆய்வைச் சேத்துப் பாத்ததுல, மொத்தம் 151 பேரு, படுத்ததும் தூக்கம் பிடிக்கிறது 17 நிமிசம் முந்தியிருக்கு. அதுவும் வலுவான ஆதாரம் இல்லைன்னு அவங்களே எழுதியிருக்காங்க.

டாக்டரம்மாகிட்ட அப்பத்தாவோட மஞ்சப்பையைக் கொண்டுபோய் அப்படியே கொட்டினேன். கேஸ் மாத்திரை, வருசக்கணக்கா வெறும் வயித்துல போடுறது. பிரசருக்கு நீர் மாத்திரை. ரெண்டுமே உடம்புல மெக்னீசியத்தக் கொறைக்கக் கூடியதுங்க. கேஸ் மாத்திரையப் பத்தி அமெரிக்க மருந்துத் துறை 2011லயே எச்சரிச்சிருக்கு. "நீர் மாத்திரைய எப்ப போடுறீங்க?"ன்னு கேட்டாங்க. "சாயங்காலம் டீயோட"ன்னாக அப்பத்தா. ஒண்ணுக்குப் போகத்தான் ரெண்டு மணிக்கு எந்திரிக்கிறாகன்னு எங்க யாருக்குமே தோணல! அதைக் காலையில மாத்திக் குடுத்தாங்க. கிட்னிக்கு ரத்தம் எடுத்துப் பாக்காம மெக்னீசியம் மாத்திரை வேணாம்னு கண்டிச்சு சொல்லிட்டாங்க. கிட்னி சரியில்லன்னா அது வெளியேறாம ரத்தத்துல தங்கிரும், ஆபத்து.

சாப்பாட்டுக்கு வருவோம். பொம்பளைகளுக்குத் தினம் 370 மில்லிகிராம் மெக்னீசியம் வேணும்னு நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020ல சொல்லியிருக்கு. 100 கிராம் கேப்பையில 140க்கு மேல இருக்கு, கம்புல 120க்கு மேல. தீட்டுன அரிசியில 20 தேறுறதே கஷ்டம், தவிட்டோட போயிருது. கம்பங்கூழ் குடிச்சு வளந்தவுகளுக்கு நாங்க மூணு வேளையும் அரிசிதான் போட்டுக்கிட்டு இருந்தோம்.

இப்பக் காலையில கூழு, ரெண்டு சின்ன வெங்காயம். மாத்திரை நேரம் மாத்துனதா, கூழான்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல. நேத்து நாலரைக்குத்தான் வெத்தலை இடிக்கிற சத்தம் கேட்டுச்சு.