காற்று புகாத வீடு

எல்லோருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் ஆட்டோ பிடித்து ‘விவேகானந்தர் இல்லம்’ என்று சொன்னால் ஓட்டுநர் ஒரு நொடி யோசிப்பார். ‘ஐஸ் ஹவுஸ்’ என்றால் போதும், வண்டி கிளம்பிவிடும். 1963-ல், சுவாமியின் நூற்றாண்டை ஒட்டி, அரசு பெயரை மாற்றியது. ஊர் வாய் மாறவில்லை. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனும் இன்றுவரை ஐஸ் ஹவுஸ் போலீஸ் ஸ்டேஷன்தான்.

விவேகானந்தர் இங்கே தங்கியதைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் சுவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தக் கட்டிடத்தை மனிதர்கள் குடியிருப்பதற்காகக் கட்டவில்லை. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஃபிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளத்துப் பனிக்கட்டியை வெட்டி வெயில் நாடுகளுக்கு விற்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. 1806-ல் முதல் சரக்கை மார்ட்டினீக் தீவுக்கு அனுப்பியபோது ஊரே சிரித்தது. அவர் விடவில்லை. 1820-களில் நதானியல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுக் கலப்பையைக் கொண்டுவந்தார். நாம் ஏர் பூட்டி உழுவதுபோல அவர்கள் உறைந்த ஏரியை உழுதார்கள். ஒரே அளவில், சதுரம் சதுரமாகக் கட்டிகள் வந்தன. இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்ததால் கரைவதும் குறைந்தது.

1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். செப்டம்பரில் கரை சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்தது. இத்தனையும் கட்டிகளைச் சுற்றி அடைத்து வெப்பத்தைத் தடுத்த மரத்தூளின் உபயம். மர அறுவை மில்காரர்கள் குப்பை என்று கொட்டிய தூள்.

அப்புறம் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று இடத்திலும் கிடங்குகள் எழுந்தன. நம்முடையது 1842-ல் கட்டியது. மூன்றில் இன்று நிற்பது இது ஒன்றுதான். அன்றைக்கு மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கி வரும். நாலு மாதம் காப்பாற்றி வந்த பனிக்கட்டிக்குப் பெரிய கண்டம் அந்தக் கடைசி அரை மணி நேரம்தான் என்று எனக்குத் தோன்றும். கடல் அப்போது கட்டிடத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. 1876-ல் துறைமுக வேலை தொடங்கிய பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது.

சரி, பனிக்கட்டிக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்? கனத்த சுவர் வேண்டும், திறப்பு குறைவாக இருக்க வேண்டும், உருகிய நீர் தேங்காமல் வடிய வேண்டும். வெயிலும் காற்றும் உள்ளே வரவே கூடாது. வட்டமாகக் கட்டினால் அதே கொள்ளளவுக்குச் சுவர்ப் பரப்பு குறையும், உள்ளே புகும் வெப்பமும் குறையும். இந்தக் கட்டிடத்தின் உருண்டை வடிவத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். உச்சியில் அன்னாசிப்பழம்போல ஒரு கலசம் இருக்கிறது. அது அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் விருந்தோம்பலுக்கு வைத்த அடையாளம். கிடங்குக்கு எதற்கு விருந்தோம்பல் என்று கேட்காதீர்கள். ஜில்லென்று ஒரு கிளாஸ் கொடுப்பதைவிட அந்த வெயிலில் வேறு என்ன உபசாரம்?

1870-களில் மெட்ராஸிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்தார்கள். டியூடர் 1864-லேயே இறந்துவிட்டார். வியாபாரம் படுத்தது. கட்டிடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். கெர்னன் என்ற நீதிபதியின் பெயரால் ‘காசில் கெர்னன்’ என்று பெயர் வைத்தார். ஐஸுக்காகக் கட்டிய சுவருக்குள் குடும்பம் நடத்துவது எப்படி? சுற்றிலும் வட்ட வராந்தாக்கள் சேர்த்தார், நிறைய ஜன்னல்கள் திறந்தார். இன்று சாலையிலிருந்து நாம் பார்த்து வியக்கிற அழகெல்லாம் பெரும்பாலும் அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான். அப்படியும் காற்றோட்டம் போதவில்லை என்கிறார்கள். கடற்கரை வீட்டில் புழுக்கம்! சிரிக்காதீர்கள், பாவம் அவர்.

1897 பிப்ரவரி 6 அன்று விவேகானந்தர் எழும்பூரில் வந்து இறங்கினார். மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்தார்கள். 14 வரை இந்த வீட்டில்தான் தங்கினார். அவர் அனுப்பிவைத்த சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அதே ஆண்டில் வந்து இங்கேயே ராமகிருஷ்ண மடத்தை நடத்தினார். ஐயங்கார் காலமான பிறகு 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. கைமாறியதும் ராமகிருஷ்ணானந்தர் பின்பக்கத்துச் சிறு கட்டிடத்துக்கு மாறிக்கொண்டார். 1907-ல் மடம் மயிலாப்பூருக்குப் போனது.

1917-ல் அரசு இதை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதி இங்கே இயங்கியது. அவரே சிறு வயதில் கணவனை இழந்தவர், 1911-ல் பட்டம் பெற்றவர். இந்தப் பகுதியை நம் வழிகாட்டிகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. விவேகானந்தர் தங்கியது ஒன்பது நாள். மொட்டை அடிக்கப்பட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண் குழந்தைகள் பாடம் படித்துப் பெரியவர்களானது பல ஆண்டு. வெளிக்காற்று புகாமல் இருக்கக் கட்டிய வீட்டில்தான் அவர்களுக்கு வெளியுலகம் கிடைத்தது.

1997-ல் அரசு கட்டிடத்தை ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1999 டிசம்பரில் கண்காட்சி திறக்கப்பட்டது. சுவாமி தங்கிய அறை இப்போது தியான அறை. அடுத்த முறை போனால் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு ஜன்னல் ஓரத்தில் நின்று சுவரின் கனத்தைக் கவனியுங்கள். எது கிடங்குக்காரர் கட்டியது, எது வக்கீல் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்க முயலுங்கள். நேரமாகிவிட்டது, யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம்.