இடத்தை விட்டுக்கொடுத்தவர்

வணக்கம். கால்பந்து பற்றிப் பேசு என்றால் எல்லோரும் பெலே, மரடோனா என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் இன்று பேசப்போகிறவரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பெயர் விவியன் உட்வர்ட். 1879இல் லண்டனில் பிறந்தவர். தொழிலில் கட்டடக் கலைஞர். கால்பந்தும் ஆடுவார், அதற்குச் சம்பளம் மட்டும் வாங்க மாட்டார். இப்படி ஆடுகிறவரை அமெச்சூர் என்பார்கள்.

சும்மா பொழுதுபோக்குக்கு உதைத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து அணிக்காக 23 ஆட்டங்கள், 29 கோல்கள். அந்தக் கணக்கை 1958இல்தான் ஒருவர் தாண்டினார். 1908இல் லண்டனிலும் 1912இல் ஸ்டாக்ஹோமிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் பிரிட்டன் அணியின் தலைவராக இருந்து இரண்டு முறையும் தங்கம் வென்றவர். இரண்டு இறுதி ஆட்டத்திலும் எதிரணி டென்மார்க். 1908இல் இரண்டுக்குப் பூஜ்யம். இரண்டாவது கோல் அவருடையது.

அமெச்சூர் என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். அந்தக் காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதியே இருந்தது. அந்தப் பணத்தில் குடும்பம் நடத்தியவர்களோடு தோளுரசி ஆடியவர் உட்வர்ட். சம்பளம் வாங்காதவர் கனவான், வாங்கியவர் கூலிக்காரர் என்று அன்றைய இங்கிலாந்து பார்த்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சும்மா ஆட வேண்டுமென்றால் வீட்டில் வசதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். உட்வர்டுக்கு வசதி இருந்தது. ஆனால் அவர் அந்தக் கனவான் பட்டத்தை வைத்து என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. போர் நடக்கும்போது பந்து விளையாட்டா என்று கால்பந்துக்காரர்களைப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. தொழில்முறை ஆட்டக்காரர்கள் கிளப்போடு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். நினைத்த நேரத்தில் கிளம்பிவிட முடியாது. இவருக்கு அந்தக் கட்டு இல்லை. 35 வயதில், போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அந்த டிசம்பரில் லண்டனின் ஃபுல்ஹாம் நகர மண்டபத்தில் கூட்டம் போட்டு, கால்பந்துக்காரர்களுக்கென்றே ஒரு படைப்பிரிவை உண்டாக்கினார்கள். மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17ஆவது பட்டாலியன். பிறகு உட்வர்ட் அதற்கு மாறி அதிகாரியானார். கறுப்பின ஆட்டக்காரர் வால்ட்டர் டல் சேர்ந்ததும் இதே பட்டாலியன்தான். அவர் பின்னாளில் அதிகாரியாகி, 1918இல் போர்க்களத்தில் இறந்தார். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

சரி, இப்போது 1915 ஏப்ரல் 24க்கு வருவோம். மான்செஸ்டரில் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம். உட்வர்டின் செல்சி அணி முதல் முறையாக இறுதிவரை வந்திருக்கிறது. எதிரில் ஷெஃபீல்ட் யுனைடெட். கூட்டத்தில் எங்கு பார்த்தாலும் காக்கி உடுப்பு. கட்டுப்போட்ட காயக்காரர்களும் உண்டு. காக்கி இறுதிப்போட்டி என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

உட்வர்டுக்கு இந்த ஆட்டத்துக்காகப் பட்டாளத்தில் விடுப்புக் கொடுத்திருந்தார்கள். பாப் தாம்சன் என்ற முன்கள ஆட்டக்காரர் காயத்தில் இருந்தார். அந்த இடத்துக்குத்தான் இவர். தாம்சனுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. அந்த ஒற்றைக் கண்ணோடு முந்தைய சுற்றுகளில் ஓடி ஆடி, அணியை இதுவரை கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். கடைசி நேரத்தில் அவர் தேறிவிட்டார். இப்போது யாரை இறக்குவது? ஒரு பக்கம் இரண்டு ஒலிம்பிக் தங்கம், 29 கோல். மறுபக்கம் ஒற்றைக் கண்.

உட்வர்ட் சொல்லிவிட்டார்: அணியை இதுவரை கொண்டுவந்தவர் தாம்சன், அவர்தான் ஆட வேண்டும்.

உட்வர்டிடம் அதுவரை எஃப்.ஏ. கோப்பைப் பதக்கம் இல்லை. பிறகும் கிடைக்கவில்லை. அன்று செல்சி மூன்று கோல் வாங்கித் தோற்றது. திருப்பி ஒன்றுகூடப் போடவில்லை. இவர் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. ஆட்டம் முடிந்து கோப்பையைக் கொடுத்த டெர்பி பிரபு, கோப்பைக்காக ஆடியது போதும், இனி எல்லோரும் சேர்ந்து இங்கிலாந்துக்காக ஆடுங்கள் என்று உபதேசம் செய்தார். உட்வர்ட் அதைச் செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்த நவம்பரில் பட்டாலியன் பிரான்ஸ் போனது. 1916 ஜனவரியில் கையெறி குண்டு வெடித்து உட்வர்டின் தொடையில் பலத்த காயம். கோல் அடித்த கால். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சிகிச்சையில் இருந்த அந்தக் கோடையில்தான் பிரான்ஸில் நடந்த சோம் போரில் டெல்வில் காட்டுக்குள் அவருடைய பட்டாலியன் சின்னாபின்னமானது. காயம் ஆறியதும் மறுபடி போர்முனைக்குப் போனார். உயிரோடு திரும்பினார்.

ஆனால் பழைய ஆட்டம் திரும்பவில்லை. போர் முடிந்தபோது வயதும் நாற்பதை நெருங்கியிருந்தது; முதல்தர ஆட்டத்தை விட்டார். அப்புறம் கட்டடக் கலையையும் விட்டுவிட்டு எசெக்ஸில் பண்ணை வைத்தார். 1922 முதல் 1930 வரை செல்சி கிளப்பின் இயக்குநர். இரண்டாம் போரில் வான்தாக்குதல் காவலராக வேலை பார்த்தார்.

கடைசிக் காலம் லண்டன் ஈலிங்கில் ஒரு மருத்துவ இல்லத்தில், படுத்த படுக்கையாக. 1953இல் பார்க்கப்போன பத்திரிகையாளரிடம் தட்டுத்தடுமாறிப் பேசியிருக்கிறார். தன்னோடு கால்பந்தில் இருந்தவர்கள் யாரும் இரண்டு வருடமாக வந்து பார்க்கவில்லை, வந்தால் நன்றாக இருக்கும் என்று. அடுத்த ஆண்டே, 74 வயதில், போய்ச் சேர்ந்தார்.