பரணில் இருந்த அண்டா

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த களைப்போடு வந்து நாற்காலி பிடித்து உட்கார்ந்திருக்கும் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேட்டு மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பிழைப்புக்காகப் பெருநகரத்துக்கு வந்தவர் மனதில் விஞ்சி நிற்பது நிறைவா, ஏக்கமா?" இதுதான் தலைப்பு. நிறைவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி மூன்று விஷயம் சொன்னார். பொங்கலுக்குக் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள், மனசு எங்கே கிடக்கிறது என்று தெரியும் என்றார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத ஊர் இது என்றார். குடிக்கிற தண்ணீருக்கும் இழுக்கிற மூச்சுக்கும் பயப்படுகிற இடத்தில் நிறைவு எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், ஏனென்றால் அந்த ஏக்கத்தை நான் அனுபவித்திருக்கிறேன்.

நான் திருவாரூர்ப் பக்கத்துப் பெண். 1999-ல் கல்யாணமாகி வந்து இறங்கியது காலடிப்பேட்டையில் ஒரு ஒண்டுக் குடித்தன வீட்டில். வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் எப்போது வீட்டுக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது. ஊரில் காலையில் வாசல் தெளித்தால் மண் வாசனை வரும். இங்கே கதவைத் திறந்தால் சாக்கடை, மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் கெமிக்கல் நெடி. முதல் வருஷம் முழுக்க ராத்திரியில் அழுதிருக்கிறேன்.

சீர் வரிசையில் அம்மா ஒரு பித்தளை அண்டா கொடுத்திருந்தார். ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கிற அளவு. என் பெயர், திருவாரூர், கல்யாணத் தேதி எல்லாம் கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அந்த ஒற்றை அறையில் அதை எங்கே வைப்பது? கோணிப்பையில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினோம். இது வாடகை வீடுதானே, என்றைக்காவது ஊருக்குத் திரும்பிப் போய் வீடு கட்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. வீடு மூன்று முறை மாறினோம். பரணில் இருந்து பரணுக்குத்தான் அது மாறியது, கயிறு அவிழவே இல்லை. அதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

இந்த ஏக்கம் ஒன்றும் புதிதில்லை, நடுவர் அவர்களே. இதோ நாம் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, திருவொற்றியூர் கோயிலில் ஒரு மகிழ மரம் இருக்கிறது. சுந்தரர் கதை உங்களுக்குத் தெரியும். திருவாரூரில் பரவையாரோடு வாழ்ந்தவர் இங்கே வந்து சங்கிலியாரைப் பார்க்கிறார், கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார். உன்னை விட்டுப் போக மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? சந்நிதியில் நின்று சத்தியம் செய்கிற நேரத்தில் நீ எழுந்து போய் மகிழ மரத்தடியில் இரு என்று சிவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவன் இல்லாத சந்நிதியில் செய்தால் நாளைக்கு மீறலாம் இல்லையா? ஆனால் சங்கிலியாருக்குக் கனவில் சேதி வந்துவிட்டது. கோயில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யுங்கள் என்கிறார்கள் அவருடைய தோழிகள். வேறு வழியில்லாமல் அங்கே செய்கிறார். அப்புறம் திருவாரூரில் வசந்த விழா வருகிற காலம், ஊர் நினைப்பு தாங்க முடியவில்லை, கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

திருவாரூரில் பிறந்து திருவொற்றியூரில் வாழ்கிறவள் நான். இந்தக் கதையை நான் மேடைக்காக எடுக்கவில்லை, இருபத்தைந்து வருஷமாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆரூரிலும் தியாகராஜர், ஒற்றியூரிலும் தியாகராஜர். அப்படியிருந்தும் அந்த மனுஷனுக்கு ஊர் நினைப்பு வந்ததே, அது தப்பா? இல்லவே இல்லை. பிறந்து வளர்ந்த மண்ணை நினைக்காதவர் யார்? என்னை உறுத்துவது அவர் கிளம்பிய நாள் இல்லை, சத்தியம் செய்ய வந்த நாள். வாக்குக் கொடுக்கும்போதே மீறுவதற்கு வழி பார்த்து வைத்துக்கொண்டாரே, அந்த இடம். நாமும் அதைத்தானே செய்கிறோம்? பட்டணத்தில் முப்பது வருஷம் சோறு சாப்பிட்டுக்கொண்டே "என்னைக்கு இருந்தாலும் ஊருக்குப் போயிடுவேன்" என்று சொல்லிக்கொண்டு, கயிறு கட்டிய மூட்டையை அவிழ்க்காமலே வாழ்கிறோம். எதிரணித் தம்பி சொன்ன ஏக்கம் பாதிக்கு மேல் இந்த அவிழ்க்காத மூட்டையிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

கிளாம்பாக்கம் என்றார். சரி, வருஷா வருஷம் நானும் போகிறேன். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி விமான நிலையம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, பைகளோடும் பிள்ளைகளோடும் போய்ச் சேர்வதற்குள் பாதி ஊர் போன மாதிரி இருக்கிறது. ஊரில் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? மெட்ராஸ்காரி. நான் கொண்டு போகிற காசிமேட்டு வஞ்சிரக் கருவாட்டுக்காக அண்ணி வாசலிலேயே நிற்பார். மூன்றாம் நாள் ராத்திரி என் சின்னப் பையன் "எப்பம்மா வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்பான். வீடு என்று அவன் சொல்வது இதைத்தான். போகிற கூட்டத்தைப் படம் பிடிப்பவர்கள் நாலு நாள் கழித்து விடியற்காலையில் இறங்குகிற கூட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பக்கத்து வீடு தெரியாத ஊர். தம்பி எந்தச் சென்னையைச் சொல்கிறாரோ, அந்தச் சென்னைக்கு நான் அதிகம் போனதில்லை. இந்த வடசென்னையின் பேட்டைகளைப் பாருங்கள், வந்தவர்களின் பிழைப்பிலிருந்துதான் அவை தொடங்கியிருக்கின்றன. காலடிப்பேட்டை, காலெட் என்ற கவர்னர் 1700-களின் தொடக்கத்தில் நெசவாளர்களைக் குடிவைத்த இடம். கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வயதானவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் 1780-களின் பஞ்சத்தில் பட்டினியோடு ஓடி வந்தவர்களுக்கு மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதில் தொடங்கியது அது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது நம்ம ராயபுரத்திலிருந்து. பெரம்பூர் மில்லுக்குக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் 1918-ல் திரு.வி.க.வையும் வாடியாவையும் கூட்டி வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கட்டினார்கள். யாருக்கும் யாரையும் தெரியாத ஊரில் சங்கம் எப்படி முளைக்கும்?

பர்மாவிலிருந்து வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1960-களில் அங்கே கடையும் தொழிலும் பறிபோய்க் கப்பலில் வந்து இறங்கியவர்கள். தமிழ்நாட்டு ஊரையும் எப்போதோ விட்டாயிற்று, பர்மாவும் போயிற்று, இரண்டு ஏக்கம் அவர்களுக்கு. வியாசர்பாடியில் குடியேறினார்கள், பாரிமுனையில் பர்மா பஜார் போட்டார்கள், ரோட்டோரத்தில் அத்தோ கடை வைத்தார்கள். அந்தக் கடையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நூடுல்ஸைக் கையாலேயே அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் விட்டுப் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றிக் கொடுப்பார்கள். இழந்த ஊரின் ருசி இந்த ஊரின் சாயங்காலச் சாப்பாடாகிவிட்டது. என் பிள்ளைகளுக்கு அது பர்மாச் சாப்பாடு என்றே ரொம்ப நாள் தெரியாது, மெட்ராஸ் சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு கிடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். லாரி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் எனக்கு நல்ல காய்ச்சல், வீட்டுக்காரர் வண்டியில் இருக்கிறார். ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் என் ஐந்து குடமும் வரிசையாக நிரம்பி நிற்கிறது. என் குடம் என்று அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பேன். எதிர்வீட்டு ஆயா அந்த ரிப்பனைப் பார்த்துப் பார்த்து எடுத்து வரிசையில் போட்டு, பிடித்து, ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைத்திருக்கிறது. அறுபது வயசுக்கு மேல் அதுக்கு. ஏன் ஆயா என்னை எழுப்பலை என்று கேட்டேன். "உனுக்குத்தான் ஜுரமாச்சே, தூங்கட்டுமேன்னு வுட்டுட்டேன்" என்றது, அவ்வளவுதான். குடத்தை வரிசையில் நகர்த்துவதற்குச் சண்டை போடுகிற தெருவும் இதே தெருதான். அந்தச் சண்டையை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

காற்று. இதுதான் தம்பி சொன்னதில் கனமான விஷயம், இதை லேசாகத் தாண்டிப் போக முடியாது. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய்ப் படலம், வலையும் படகும் கறுப்பு. அது ஆறுவதற்குள் டிசம்பர் 26 நடு ராத்திரி அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் சனங்கள் மூச்சு முட்டக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு நகரத்துக்கு வேண்டாத எல்லாவற்றையும் வடக்கே கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள், அனல் மின் நிலையச் சாம்பலிலிருந்து கொடுங்கையூர்க் குப்பை வரைக்கும். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் தம்பி, அந்த எரிச்சலை நீங்கள் ஏக்கக் கணக்கில் எழுதாதீர்கள். ஓடிய சனங்கள் விடிந்ததும் திரும்பி வந்து, பந்தல் போட்டு, நாள் கணக்காக உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். அவர்கள் நமக்கெல்லாம் முன்னாலிருந்தே அந்தக் கரையில் இருக்கிறவர்கள். நாங்கள் வந்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து நாலு பெண்கள் ஒரு நாள் போய் அவர்களோடு உட்கார்ந்தோம். ஊருக்கு எப்போது போவோம் என்று காத்திருந்த காலத்தில் நான் எந்த ஆபீஸ் வாசலிலும் போய் நின்றதில்லை. விருந்தாளி வீட்டில் குறை கண்டால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டுப் போய்விடுவார். நம்ம வீடு என்றால்தானே கத்துவோம்?

அண்டாவுக்கு வருகிறேன். அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த மறுநாள், எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் இல்லை. கீழ்வீடுகளில் அடுப்பு, அரிசி எல்லாம் முழுகிவிட்டது. மொட்டை மாடியில் முப்பது, நாற்பது பேர், அதில் கைக்குழந்தைகள். தெருமுனை அண்ணாச்சி அரிசி மூட்டையைத் தானே தோளில் தூக்கி வந்து போட்டு, கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். பிரியாணி போடுகிற பாய் பர்னரும் சிலிண்டரும் மாடிக்கு ஏற்றினார், அவருடைய பெரிய தேக்சா வெள்ளத்தோடு போயிருந்தது. பாத்திரம் இல்லையே என்று எல்லோரும் முழிக்கும்போது நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. போய்ப் பரண் மேல் ஏறினார்.

கயிறு இறுகிப்போய்க் கையால் அவிழவில்லை, அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன். கோணி மக்கிப் பொடியாக உதிர்ந்தது. வெளியே பச்சை பிடித்திருந்தது, புளி போட்டுத் தேய்க்க நேரமில்லை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அம்மா பூசிக் கொடுத்த ஈயம் இருபத்து நாலு வருஷம் கழித்தும் வெள்ளையாக அப்படியே இருந்தது. கழுவி உலை வைத்தோம். அன்றைக்கு வெறும் சோறும் மிளகு ரசமும்தான். அந்த ரசத்தின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

அதற்கப்புறம் அண்டா பரணுக்குப் போகவில்லை. தெரு அம்மன் கோயிலில் இருக்கிறது, ஆடிக்கு அதில்தான் கூழ் காய்ச்சுகிறோம். போன ஆடியில் சொம்போடு வந்த ஒரு சின்னப் பெண் அண்டாக் கழுத்தில் இருக்கும் எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, திருவாரூர் எங்க இருக்கு?" என்று கேட்டாள். தெற்கே, ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம், எங்க அம்மா ஊர் என்று சொல்லிக்கொண்டே அவள் சொம்பில் கூழ் ஊற்றி, மேலே சின்ன வெங்காயம் போட்டுக் கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் வரிசை தெருமுனை வரைக்கும் இருந்தது.

நன்றி, வணக்கம்.