சந்துக்கு எல்லை சொல்லும் பத்திரங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பண்ணையார் சந்து, மணியக்காரர் சந்து என்று நம் ஊர்களில் ஒன்றாவது இருக்கும். அந்த மண் முதலில் யாருடையது என்று தேடுகிறவர்கள் நேரே கிராம நிர்வாக அலுவலரிடம், ஊர் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் 'அ' பதிவேட்டைக் கேட்கிறார்கள். பழைய பதிவேட்டில் பெரும்பாலும் ஒரு புல எண்ணும் 'கிராம நத்தம்', அதாவது ஊரின் குடியிருப்பு நிலம், என்ற சொல்லும்தான் இருக்கும். வயலுக்குத் தீர்வை, அதாவது நிலவரி, உண்டு. அதனால் பட்டாதாரர் பெயரும் உண்டு. நத்தத்துக்கு அப்படி இல்லை. மனைக்கு மனை பட்டா வந்தது நத்தம் நிலவரித் திட்டத்துக்குப் பிறகுதான்.

பெயர் கிடைக்கும் இடம் பத்திரம். சந்தின் இரு பக்கமும் உள்ள வீடுகளின் தாய்ப்பத்திரங்களை, அதாவது இன்றைய பத்திரத்துக்கு மூலமான பழைய பத்திரங்களைக் கேட்டு வாங்கி, செக்குபந்தியை, அதாவது நான்கெல்லையை, வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். 'தெருவுக்கு வடக்கு' என்று இருந்தால் மனை தெருவுக்கு வடக்கே இருக்கிறது என்று பொருள். தெரு மனைக்குத் தெற்கே. இதைத் தலைகீழாகப் படித்தால் ஊரே திரும்பிவிடும்.

இனி ஒரே மனையின் இரண்டு பத்திரங்களை அருகருகே வையுங்கள். முந்தையதில் 'இன்னார் தோட்டத்துக்கு வடக்கு', பிந்தையதில் 'சந்துக்கு வடக்கு' என்று இருந்தால், அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் தோட்டத்திலிருந்து சந்து பிரிந்திருக்கிறது. அந்த இன்னார்தான் நீங்கள் தேடுகிற ஆள். அவருடைய சொந்தப் பத்திரம் கிடைக்காமலே போகலாம். 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. கையில் ஒப்படைத்தாலே போதும். அவரைக் காட்டிக்கொடுப்பது அண்டை வீட்டுக்காரரின் எல்லைதான்.

தேதியில் கவனம் வேண்டும். பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு. அந்த எண்ணோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் 60 வருஷம் தப்பிப்போக இடமுண்டு. முத்திரைத்தாளையும் பக்கத்தில் உள்ள பெயர்களையும் வைத்துச் சரிபாருங்கள். அளவும் ஊருக்கு ஊர் வேறு. தஞ்சைப் பக்கத்து மா சுமார் 33 சென்ட். செங்கல்பட்டுப் பக்கத்துக் காணியோ 1.32 ஏக்கர்.

வில்லங்கம் போடும்போது, அதாவது ஒரு மனையின் பழைய பதிவுகளைத் தேடிக் கேட்கும்போது, ஊர் முன்பு எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தது என்று முதலில் விசாரியுங்கள். எல்லை மாறியிருந்தால் பழைய புத்தகம் வேறு ஊரில் இருக்கும். இன்றைய அலுவலகத்தில் மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று முடிவு கட்டக்கூடாது.

நிலம் இனாமாக, அதாவது மானியமாக விட்ட நிலமாக, இருந்திருந்தால் வேலை சுலபம். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் சென்னை எழும்பூரில் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. யாருக்கு, எதற்காக விட்ட மானியம், விசாரணையின்போது யார் அனுபவத்தில் இருந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாவட்டம், தாலுகா, கிராமம் மூன்றையும் அன்றைய பெயரில் எழுதிக்கொண்டு போங்கள். தாலுகா மாறியிருந்தால் இன்றைய பெயரில் தேடினால் கிடைக்காது.

வணக்கம்.